வேலி தாண்டி விழுந்த பன்றி யாருக்கு?

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற விலங்கைச் சுட்டாயிற்று. அது விழாமல் ஓடி, வேலியைப் பாய்ந்து, அடுத்தவர் காணிக்குள் போய்ப் படுத்துவிட்டது. உள்ளே போய் எடுக்கலாமா?

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி எதற்கு என்றால், இப்போது மூன்று பக்கத்தில் இருந்து அது வந்து சேர்கிறது. ஒன்ராறியோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் நவம்பர் பிறந்தால் மான் வேட்டை வீடியோ அனுப்புகிறார்கள். ஊரில் தோட்டம் செய்பவர்கள் காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டுகிறார்கள். இடையில், 2025 மார்ச்சில் வந்த ஓர் அமெரிக்கத் தீர்ப்பைப் பாதி வாசித்துவிட்டு "இனி வேட்டைக்காரன் யார் காணிக்குள்ளும் போகலாமாம்" என்று சொல்லித் திரிகிறார்கள். அந்தத் தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. அதைக் கீழே பார்ப்போம், முதலில் அடியில் இருந்து வருவோம்.

காட்டு விலங்குக்குச் சொந்தக்காரர் கிடையாது

வெள்ளவத்தை ஒழுங்கையில் உங்கள் வீட்டு மாமரத்தின் கிளை பக்கத்து மதிலுக்கு மேலால் போகிறது, பழம் அங்கே விழுகிறது. அந்தப் பழம் மரத்தில் தொங்கும்போதே உங்களுடையது. பழைய ரோமச் சட்டம் இதற்கு ஓர் ஏற்பாடே வைத்திருந்தது: விழுந்த பழத்தைப் பொறுக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் பக்கத்துக் காணிக்குள் போகலாம், அயலவர் மறிக்கக்கூடாது. தெருவில் அடித்த கிரிக்கெட் பந்து மதில் தாண்டிப் போனாலும் கதை கிட்டத்தட்ட இதுதான், பந்து உங்களுடையது, முற்றம் அவருடையது.

காட்டு விலங்கு அப்படி இல்லை. அது உங்கள் காணியில் மேய்ந்தாலும் உங்களுடையது ஆகாது. யாருக்கும் சொந்தமில்லாத பொருள், கைப்பற்றுகிறவருக்குச் சொந்தம் என்பது ரோமச் சட்டத்தின் நிலை. இதில் நமக்கும் பங்கு உண்டு, ஏனென்றால் ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன்-டச்சுச் சட்டத்தைப் பிரித்தானியர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் தொடரவிட்டார்கள், தனிச் சட்டம் எதுவும் இல்லாத இடங்களில் இலங்கையின் பொதுச் சட்டம் இன்றும் அதுதான்.

சரி, எந்தக் கணத்தில் அது "கைப்பற்றியது" ஆகிறது? காயப்படுத்திய உடனேயா, பிடித்த பிறகா? ரோமச் சட்டவாளர்கள் இதில் இரண்டு கட்சி. துரத்திக்கொண்டு போகும்வரை காயப்படுத்தியவருக்கே சொந்தம் என்றார் டிரெபேஷியஸ் என்பவர். மற்றவர்கள் ஒப்பவில்லை, காயத்துக்கும் கைக்கும் இடையில் எத்தனையோ நடக்கலாம், பிடித்தால்தான் சொந்தம் என்றார்கள். 533இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் தொகுத்த சட்டத்தில் இந்த இரண்டாம் கட்சிதான் வென்றது. அதே இடத்தில் இன்னொரு வரியும் உண்டு: பிறர் நிலத்தில் பிடித்தாலும் விலங்கு பிடித்தவருக்கே, ஆனால் நிலக்காரர் கண்டால் "உள்ளே வராதே" என்று தடுக்கலாம். விலங்கு யாருடையது என்பது ஒரு கேள்வி, நிலத்துக்குள் போகலாமா என்பது வேறு கேள்வி என்று அப்போதே பிரித்துவிட்டார்கள். இன்றைக்கு நடக்கும் சண்டைகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைப்பதால் வருபவை.

1805இல் நியூயோர்க்கில் ஒரு நரி வழக்கு நடந்தது. போஸ்ட் என்பவர் நாய்களோடு நரியைத் துரத்திக்கொண்டு வர, பியர்சன் என்பவர் இடையில் புகுந்து கொன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். துரத்தினால் மட்டும் உரிமை வராது என்று நீதிமன்றம் பியர்சன் பக்கம் தீர்த்தது. ஆனால் உயிர்போகும் காயம் பட்டு, சுட்டவர் விடாமல் பின்தொடர்ந்தால் அதைக் கைப்பற்றியதாக எடுத்துக்கொள்ளலாம் என்ற கதவையும் அந்தத் தீர்ப்பு திறந்து வைத்தது. இங்கிலாந்து வேறு வழியில் போனது: அத்துமீறி நுழைந்தவர்கள் ஒரு பிரபுவின் நிலத்தில் கொன்ற முயல்கள் நிலக்காரருக்கே சொந்தம் என்று 1865இல் அப்போது அங்கே உச்ச மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆங்கிலேயச் சட்டத்தில் நிலம் விலங்கையும் சேர்த்து இழுக்கிறது, ரோமன்-டச்சில் இழுப்பதில்லை.

காணிக்குச் சொந்தக்காரர் உண்டு

அத்துமீறல் என்ற சொல்லை நாம் கொஞ்சம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றமாகும் அத்துமீறலுக்கு நோக்கம் வேண்டும்: ஒரு குற்றம் செய்ய, அல்லது காணியில் இருப்பவரை மிரட்ட, அவமதிக்க, தொந்தரவு செய்ய என்று நுழைந்திருக்க வேண்டும். காயம்பட்ட பன்றியைத் தேடி வெறுங்கையோடு வேலி கடப்பவரை உடனே குற்றவாளி ஆக்குவது அவ்வளவு சுலபம் இல்லை. அதே ஆள் இரவு பதினொரு மணிக்குத் துவக்கும் டோர்ச்சுமாக வந்து, "போ" என்று சொன்ன பிறகும் நின்றால், நோக்கத்தை நீதவானுக்கு விளங்கப்படுத்த அவர் பாடுபட வேண்டியிருக்கும். குற்றம் ஆகாவிட்டாலும் காணிக்காரர் குடியியல் வழக்குப் போடலாம் என்பது தனி.

இப்போது அமெரிக்கத் தீர்ப்பு. வயோமிங் மாநிலத்தின் சில பகுதிகளில் காணி சதுரங்கப் பலகை மாதிரி, ஒரு கட்டம் அரசுக்கு, அடுத்த கட்டம் தனியாருக்கு. மிசூரியில் இருந்து வந்த 4 வேட்டைக்காரர்கள் இரண்டு அரசுக் கட்டங்கள் மூலையோடு மூலை தொடும் இடத்தில் ஏணி வைத்துத் தாண்டினார்கள், தனியார் மண்ணில் கால் படவே இல்லை. அது 2021இல். தங்கள் காணிக்கு மேலுள்ள வெளியில் அத்துமீறினார்கள் என்று காணிக்காரர் தரப்பு வழக்குப் போட்டது. பத்தாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர் பக்கம் தீர்த்தது, அதற்குப் பிடித்துக்கொண்டது அரச நிலத்துக்குப் போகும் வழியை வேலிபோட்டு மறிக்கக்கூடாது என்ற 1885ஆம் ஆண்டுச் சட்டத்தை. ஆக, அந்தத் தீர்ப்பு மூலை தாண்டுவது பற்றியது. தனியார் காணிக்குள் நடந்துபோய் மானை இழுத்துவருவது பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நான்கு நிலைமைகள்

"வேலி தாண்டியது" என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே நான்கு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன.

1. விலங்கும் நீங்களும் உங்கள் பக்கம், அது விழுந்ததும் உங்கள் பக்கம். எல்லைப் பிரச்சினை இல்லை, அந்த விலங்கைச் சுடச் சட்டம் விடுகிறதா என்பது மட்டும்தான் பாக்கி.

2. உங்கள் பக்கம் சுட்டது, அங்கே போய்ச் செத்தது. ரோமன்-டச்சு வழியில் நீங்கள் கை வைக்கும்வரை அது உங்களுடையது இல்லை. விழுந்த காரணத்துக்காகக் காணிக்காரருடையதும் ஆகாது. ஆனால் அவர் முதலில் எடுத்தால் அவருக்கு. அவரிடம் கேட்டு எடுப்பதைத் தவிர வேறு நேர்வழி இல்லை.

3. உங்கள் பக்கம் சுட்டது, அங்கே இன்னும் உயிரோடு கிடக்கிறது. உள்ளதில் இதுதான் சிக்கல். எடுப்பதற்கு முன் கொல்ல வேண்டும், கொல்ல ஆயுதம் வேண்டும், ஆயுதத்தோடு அடுத்தவர் காணிக்குள் போனால் அது வேட்டையாடப் போனதாகவே பார்க்கப்படும்.

4. அங்கே நின்றதை இங்கிருந்து சுட்டது. இதில் "தேடி எடுத்தல்" என்ற பேச்சே இல்லை. உங்கள் கால் வேலிக்கு இந்தப்பக்கம் இருந்தாலும் ரவை அந்தப்பக்கம் போயிருக்கிறது. நாலாவதைச் செய்துவிட்டு இரண்டாவது என்று கதை சொல்கிறவர்கள்தான் மற்ற வேட்டைக்காரர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள். முதல் இரத்தத்துளி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் பொய் தெரிந்துவிடும்.

சுட்ட பிறகு விலங்குக்குள் நடப்பது

இந்தக் கேள்வி ஏன் அடிக்கடி எழுகிறது என்று விளங்க, விலங்கு எப்படிச் சாகிறது என்று தெரிய வேண்டும். சினிமாவில் போல அந்த இடத்திலேயே விழுவது குறைவு. இரண்டு சுவாசப்பையிலும் பட்ட மான்கூட நூறு மீட்டர் வரை ஓடிவிட்டுத்தான் விழும். புல்லில் இளஞ்சிவப்பாக, சின்னச் சின்ன நுரைக்குமிழியோடு இரத்தம் கிடந்தால் அது சுவாசப்பை, கிட்டத்தில்தான் கிடக்கும். கறுத்த சிவப்பாக, நுரையில்லாமல் இருந்தால் ஈரல். மூன்று நான்கு மணித்தியாலம் காத்திருந்துதான் பின்னால் போக வேண்டும். இரத்தம் கொஞ்சமாக, அதோடு பச்சையோ மண்ணிறமோ கலந்த ஒரு பசை, மூக்கில் வைத்தால் சாணி நாற்றம் என்றால் குடலில் பட்டிருக்கிறது. அதற்கு எட்டு, பத்து மணித்தியாலம் விட வேண்டும் என்பார்கள். உடனே துரத்தினால் படுத்திருந்த விலங்கு எழுந்து, கடைசிப் பலத்தில் இன்னும் பல வேலிகளைத் தாண்டிவிடும்.

அதாவது நல்ல வெடிக்கு ஒரு வேலி, மோசமான வெடிக்கு மூன்று வேலி. நம்முடைய வெக்கையில் பத்து மணித்தியாலம் காத்திருந்தால் இறைச்சி நாறிவிடும் என்பதும் இதோடு சேர்கிறது. பனி விழும் நாட்டுக்காக எழுதிய அறிவுரையை வவுனியாவுக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

வெளிநாடுகள் இதை எப்படித் தீர்த்திருக்கின்றன

ஒரே விடை இல்லை. முதலில் அமெரிக்க மாநிலங்கள். வட டக்கோட்டாவில், சுட உரிமையுள்ள இடத்தில் சுட்ட விலங்கை எடுக்க, தடைப் பலகை போட்ட காணிக்குள்ளும் துவக்கு இல்லாமல் போகலாம். மினசோட்டாவில் சட்டப்படி சுட்டுக் காயம்பட்ட விலங்கை எடுக்க நடந்து போகலாம், எடுத்தவுடன் வெளியேற வேண்டும், காணிக்காரர் "போ" என்றால் போக வேண்டும். வேர்ஜீனியாவில் நரி வேட்டைக்கும் ரக்கூன் வேட்டைக்கும் போகிறவர்கள் தங்கள் நாய்களின் பின்னால் தடைசெய்த காணிக்குள் போகலாம், துவக்கும் வில்லும் கொண்டுபோகக் கூடாது. நாய்க்குக் காணி உறுதி வாசிக்கத் தெரியாது என்பதுதான் வாதம். அது நியாயம்தான், ஆனால் நாயை எங்கே அவிழ்ப்பது என்று மனிதனுக்குத் தெரியும் என்று காணிக்காரர்கள் சொல்வதும் நியாயம். மற்றப் பெரும்பாலான மாநிலங்களில் அனுமதி கேட்டே ஆக வேண்டும், காணிக்காரர் மறுத்தால் வனத்துறை அதிகாரியாலும் அவரை வற்புறுத்த முடியாது.

ரொறன்ரோச் சொந்தங்களுக்காக ஒன்ராறியோ: அங்கே சட்டம் இரண்டு பக்கத்தில் இருந்தும் நெருக்குகிறது. காயப்படுத்திய விலங்கை முடிந்தளவு தேடி எடுக்க வேண்டும், உண்ணக்கூடிய இறைச்சியைக் கெடவிடக்கூடாது. இது ஒரு சட்டம். பயிர் செய்த காணிக்குள்ளும் வேலியடைத்த காணிக்குள்ளும் பலகை இல்லாவிட்டாலும் அனுமதியின்றி நுழையக்கூடாது, மீறினால் அபராதம் 10,000 டொலர் வரை. இது இன்னொரு சட்டம். மரத்திலோ கம்பத்திலோ சிவப்பு வட்டம் பூசியிருந்தால் உள்ளே வராதே என்று பொருள், மஞ்சள் என்றால் சில தேவைகளுக்கு மட்டும் வரலாம். "தேடத்தானே சட்டம் சொன்னது" என்று சிவப்பு வட்டத்தைத் தாண்ட முடியாது. கதவைத் தட்டிக் கேட்பதுதான் "முடிந்தளவு" என்பதற்குள் வரும்.

ஜேர்மனிக்காரர் செய்திருப்பது எனக்குப் பிடித்தது. அங்கே வேட்டை உரிமை நிலத்தோடு ஒட்டியது, ஆனால் தனியாக வேட்டை நடத்தக் குறைந்தது 75 ஹெக்டேயர் ஒன்றாக இருக்க வேண்டும், சின்னக் காணிக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்துதான் நடத்தலாம். பக்கத்துப் பக்கத்து வேட்டைப் பகுதிக்காரர்கள், காயம்பட்ட விலங்கு எல்லை தாண்டினால் யார் பின்தொடர்வது, இறைச்சி யாருக்கு என்று முன்கூட்டியே எழுதி ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். அதற்கு வில்ட்ஃபோல்கே என்று தனிச் சொல்லே இருக்கிறது. இரத்த மணம் பிடிக்கப் பழக்கிய நாயைக் கயிற்றில் கட்டி முன்னே விடுவார்கள். விலங்கு துடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு அயலவர்கள் வேலியில் நின்று சட்டம் பேசவேண்டி வருவதில்லை.

கேட்பது என்ற பழைய வழக்கம்

தமிழ் வாசகருக்கு இது புதுக் காட்சி இல்லை. அகத்துறையில் கெடுதி வினாதல், அதாவது தொலைந்ததைக் கேட்டு விசாரிப்பது, என்று ஒன்று உண்டு, வேழம் வினாதல், மான் வினாதல் என்றும் வரும். தினைப்புனம் காக்கும் பெண்களிடம் வில்லோடு ஒருவன் வந்து, "என் அம்பு பட்ட யானை இந்தப்பக்கம் வந்ததா?" என்று கேட்கிறான். சாக்குத்தான், அவன் தேடுவது யானையை இல்லை. தோழியும் அதைக் கண்டுபிடித்துக் கிண்டல் செய்வாள். ஆனால் சாக்கு எடுபட வேண்டுமென்றால் அப்படி ஒரு வழக்கம் ஊரில் இருந்திருக்க வேண்டும் அல்லவா, புனம் இன்னொருவர் காவலில் இருக்கிறது, தொலைத்தவன் ஓரத்தில் நின்று கேட்க வேண்டும் என்று.

இன்றைய ஒழுங்கான வேட்டைக்காரர்களும் கேட்கிறார்கள், வித்தியாசம் என்னவென்றால் சுடுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள். சீசன் தொடங்கமுன் நாலு பக்க அயலவரிடமும் போய் "ஏதும் உங்கள் பக்கம் வந்தால் எடுக்கலாமா, எந்த நம்பருக்கு அழைக்க?" என்று பேசி வைப்பது, எல்லையில் இருந்து நூறு மீட்டருக்குள் நிற்கும் விலங்கை விட்டுவிடுவது, அயலவர் மாட்டேன் என்றால் அந்தப் பக்கம் பார்த்துச் சுடாமலே இருப்பது, எடுக்கப் போகும்போது துவக்கை வாகனத்தில் பூட்டிவிட்டுப் போவது, இறைச்சியில் ஒரு பங்கு காணிக்காரர் வீட்டுக்கு அனுப்புவது. சட்டம் கேட்காத இந்தக் கடைசி விஷயம்தான் அடுத்த வருடமும் கதவைத் திறக்க வைக்கும்.

அயலவர் மறுத்துவிட்டால்? என் அபிப்பிராயம்: விலங்கு உயிரோடு இருந்தால் அதிகாரியை அழைத்து அவர் வாயால் கேட்க வைக்க வேண்டும், செத்திருந்தால் விட்டுவிட்டு வர வேண்டும். சுட்ட பொறுப்பு சுட்டவருக்கு, அந்தப் பொறுப்பைக் காட்டி இன்னொருவர் வேலியைத் திறக்க முடியாது.

இலங்கைக்கு வந்தால்

இங்கே கேள்வியின் பெரும்பகுதி தொடங்கமுன்னே முடிந்துவிடுகிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மானையும் மரையையும் சுடுவதே குற்றம், அதன் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். செத்த மரை உங்கள் வயலில் கிடந்தாலும், "கைப்பற்றியவருக்குச் சொந்தம்" என்ற ரோமப் பாடம் அங்கே வேலை செய்யாது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் நிலைமை எதிர்மாறு. 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் காடும் தரிசும் முடிக்குரியவை என்று ஆக்கிவிட்டார்கள், துரைக்கு எல்லை என்ற தலையிடியே இல்லை.

மிஞ்சுவது காட்டுப்பன்றி. அதற்கு மான், மரைக்கு உள்ள பாதுகாப்பு இல்லை. ஆனால் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், தேசியப் பூங்காவுக்குள்ளும் ஒதுக்குக்காட்டுக்குள்ளும் எதையும் வேட்டையாடக்கூடாது. காயம்பட்ட பன்றி அந்த எல்லைக்குள் ஓடினால் சுட்டவர் அங்கேயே நின்றுவிட வேண்டும், அது எந்த அயலவரின் வேலியையும் விட இறுக்கமான வேலி.

ஆனால் நம்முடைய உண்மையான பிரச்சினை வேறு. வேலி தாண்டிப் போகலாமா என்று கேட்கிறவர் குறைந்தது விலங்கின் பின்னால் போக நினைக்கிறார். இங்கே பன்றிக்கு வைக்கப்படுபவை கட்டுத்துவக்கு (விலங்கு தட்டினால் தானே வெடிக்கக் கட்டிவைத்த துவக்கு), பன்றிவெடி (தீனிக்குள் மறைத்து வைக்கும், கடித்தால் வெடிக்கும் வெடி), கம்பித் தடம் (கிளட்ச் கேபிள் போன்ற கம்பியால் போடும் சுருக்கு). மூன்றிலும் வைத்தவர் அந்த இடத்தில் இல்லை. எது மாட்டியது, எங்கே ஓடியது, எத்தனை நாள் கிடந்தது என்று அவருக்குத் தெரியாது. பன்றிவெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைக்குட்டி தின்ன முடியாமல் பல நாள் அலைந்து சாகிறது, விறகுக்குப் போனவர் கட்டுத்துவக்கில் கால் இழக்கிறார். 2020 மேயில் நல்லதண்ணிப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் கம்பித் தடத்தில் மாட்டியது அருமையிலும் அருமையான கருஞ்சிறுத்தை. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துவிட்டது. தடம் பன்றிக்கு வைத்தது என்ற விளக்கம் ஒவ்வொரு முறையும் வரும், உண்மையாகவும் இருக்கும். கம்பிக்கு ஆள் பார்க்கத் தெரியாது.

உங்கள் காணிக்குள் வந்து விழுந்தால்

1. கிட்டப் போகாதீர்கள். படுத்துக் கிடக்கும் பன்றி செத்த பன்றி என்று நினைத்து மண்வெட்டியால் தட்டிப் பார்க்கப் போய்த் தொடை கிழிந்தவர்கள் உண்டு. காது, கண் அசைகிறதா என்று தூரத்தில் இருந்து பாருங்கள்.

2. வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லி வையுங்கள். சுட்டவர் வேலியில் வந்து நின்றால் உள்ளே விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம், ஆனால் அவரோடு தனியாக இரவில் வாதாட வேண்டாம்.

3. இறைச்சியைப் பங்கு போடாதீர்கள். விஷமா வெடியா என்று உங்களுக்குத் தெரியாது, பாதுகாக்கப்பட்ட விலங்காக இருந்தால் வழக்கும் உங்கள் பெயரில் வரும்.

4. தடத்தில் மாட்டியது சிறுத்தையாக இருந்தால் சனத்தைத் தள்ளி வையுங்கள், சத்தத்தைக் குறையுங்கள், கம்பியை நீங்கள் வெட்டாதீர்கள். இடுப்பில் இறுகிய கிளட்ச் கேபிள் வெளியே ஒரு கோடு மாதிரித்தான் தெரியும், உள்ளே அது என்ன செய்திருக்கிறது என்பது மயக்க ஊசி போட்டு, வைத்தியர் தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும். வெட்டிவிட்டால் ஓடிவிடும், உண்மைதான். ஓடி, நாலு தோட்டம் தாண்டிப் போய்ச் சாகும்.